ஸ்டியரிங்கில் இருந்தது யார்?

குஜராத்தில் மது விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, பெர்மிட் இல்லாமல் குடிக்கக் கூடாது. 1960 மே 1 அன்று பம்பாய் மாநிலத்திலிருந்து பிரிந்து தனி மாநிலமான நாள் முதல் இதுதான் சட்டம். காந்தி பிறந்த மண் என்பதால், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதில் கைவைக்கத் தயங்குகிறது. ஆனால் அகமதாபாத்தில் சில நாள் தங்கியவருக்குக்கூடத் தெரியும், கையில் காசும் செல்போனில் சரியான எண்ணும் இருந்தால் பாட்டில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சட்டத்துக்கும் நடப்புக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்தான் ராஜு பம்பானி.

‘ராங் சைடு ராஜு’, 2016 செப்டம்பரில் வெளியான குஜராத்தி மர்மப் படம். இயக்குநர் மிகில் முசலேவுக்கு இதுதான் முதல் படம். அனுராக் காஷ்யப், விக்ரமாதித்ய மோட்வானே ஆகியோரின் ஃபேன்டம் நிறுவனமும், குஜராத்தி சினிமாவுக்குப் புது ரத்தம் பாய்ச்சிய அபிஷேக் ஜெயினின் சினிமேன் நிறுவனமும் சேர்ந்து தயாரித்தன. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த குஜராத்திப் படமாகத் தேர்வானது. நம் ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ சிறந்த தமிழ்ப் படமான அதே பட்டியல்தான். ‘ஜோக்கர்’ நமக்குத் தெரியும். அதே பட்டியலில் இருந்த இந்த ராஜுவைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பார்த்திருக்கமாட்டார்கள். பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கதையின் நுனியை மட்டும் சொல்கிறேன். பகலில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குக் கார் ஓட்டுகிறான் ராஜு. இரவில் பாட்டில் கடத்துகிறான். சொந்தமாகத் தொழில் தொடங்கி, தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது அவன் கனவு. பம்பானி என்ற குடும்பப் பெயரைக் கேட்டதுமே குஜராத்திப் பெரும் பணக்காரர் ஒருவரின் பெயர் காதுக்குள் ஒலிக்கிறது. அது தற்செயலாக வைத்த பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்டவன், நகரமே பேசுகிற ஒரு ஹிட் அண்ட் ரன் வழக்கில் போய்ச் சிக்குகிறான். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன். மர்மப் படத்தின் முடிச்சை அவிழ்த்துக் காட்டுவது, படம் எடுத்தவருக்கும் பார்க்கப்போகிறவருக்கும் செய்கிற துரோகம்.

கொலையோ விபத்தோ, மர்மக் கதைகள் வழக்கமாகக் கேட்பது ‘செய்தது யார்?’ என்ற ஒன்றைத்தான். இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குள் ஓடியது வேறு கேள்வி: செய்ததாக யாரைக் கொண்டுபோய் நிறுத்தப்போகிறார்கள்? முதல் கேள்விக்கு விடை தேடுவது போலீஸ். இரண்டாவது கேள்விக்கு விடையைத் தயாரிப்பது பணம். இந்த இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில், சில சமயம் ஒரே மேசையில் நடக்கின்றன. படத்தின் பதற்றமெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு சட்டப் பிரிவுக்கு எவ்வளவு விலை?

படத்துக்குப் பின்னால் நிஜம் ஒன்று நிற்கிறது. 2013-ன் தொடக்கத்தில் அகமதாபாத்தில் வேகமாக வந்த பி.எம்.டபிள்யூ கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஓட்டியவர் வசதியான வீட்டுப் பையன். ஊரே கொந்தளித்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, தண்டனையும் கிடைத்தது. படம் அந்தச் சம்பவத்தை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்பே, அதே நகரத்தில், அதே மொழியில் எடுத்த படம் இது. அரங்கில் உட்கார்ந்திருந்த அகமதாபாத்காரர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இந்த வகை வழக்குகளின் உள்கட்டுமானத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் பிடிபடும். அன்றைக்கு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ என்று ஒரு பிரிவு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, ஜாமீனும் சுலபம். அதன் பக்கத்திலேயே 304, இரண்டாம் பகுதி. மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்த செயல். அதற்கு 10 ஆண்டு வரை போகலாம். குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று நிரூபித்தால் வழக்கு இரண்டாவது பிரிவுக்குத் தாவக்கூடும். ஆகவே, விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் இரண்டு விஷயங்களுக்குத் தங்கத்தின் மதிப்பு. ரத்தத்தில் மது இருந்ததா? ஸ்டியரிங்கில் யார் இருந்தார்கள்?

இரண்டாவதை மாற்றிவிட்டால் முதலாவதைப் பற்றிக் கவலையே இல்லை. குடிக்காத ஒரு ஓட்டுநரை நிறுத்திவிட்டால் பத்தாண்டு வழக்கு இரண்டாண்டு வழக்காகிவிடும். அந்த இரண்டாண்டுக்கும் ஒரு தொகை பேசி முடித்துவிடலாம். வீட்டில் நான்கு வயிறு காத்திருக்கும் ஒருவனிடம் போய், ‘உன் பிள்ளைகள் படிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்வது அவ்வளவு கஷ்டமான காரியமா என்ன?

இந்தக் கணக்கு குஜராத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றுகிறது. மது அனுமதிக்கப்பட்ட மாநிலத்தில் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டினால் குற்றம் ஓட்டியதில் இருக்கிறது. தடை இருக்கும் மாநிலத்தில் குடித்ததே குற்றம். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் சங்கிலியாகத் தொடரும். குடித்தவன் யார், கொடுத்தவன் யார், ஓட்டியவன் யார் என்று மூன்று கேள்விகள். பகலில் ஓட்டுநர், இரவில் கடத்தல்காரன் என்றிருக்கும் ராஜுவைப் பாருங்கள். மூன்றுக்கும் பதிலாகக் கூண்டில் ஏற்றிவிட ஏற்ற ஒரே ஆள் அவன்தான். திரைக்கதை எழுதியவர்களின் மிகப் பெரிய சாமர்த்தியம் இந்தப் பாத்திரத்தை இப்படிப் பிசைந்ததில் இருக்கிறது. அவன் நிரபராதி என்று நம்மால் கைதட்டிவிட முடியாது. அவன் கையிலும் அழுக்கு இருக்கிறது. அந்த அழுக்கே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது.

ராஜுவிடம் பாட்டில் வாங்கும் கைகள் எத்தனை என்று யோசித்துப் பார்த்தால் படத்தின் களம் முழுதாக விரிகிறது. கல்யாண வீட்டுக்கு வாங்குகிறவர், அலுவலக விருந்துக்கு வாங்குகிறவர், கண்டும் காணாமல் விடுவதற்குப் பங்கு வாங்குகிறவர் என்று அந்த வரிசையில் ஊரில் பாதிப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அடுத்தவரைப் பற்றி ஒரு சின்ன ரகசியம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க முடியாது. மர்மக் கதைக்கு இதைவிட நல்ல நிலம் எங்கே கிடைக்கும்? அகதா கிறிஸ்டி ஒரு மாளிகைக்குள் பத்துப் பேரை அடைத்து உருவாக்கிய சூழலை, ஒரு சட்டம் ஒரு பெரிய நகரம் முழுவதற்கும் உருவாக்கிவைத்திருக்கிறது.

மதுவிலக்கை ஏளனம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் பின்னால் இருக்கும் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். குடியால் சீரழிந்த வீடுகளைப் பார்த்தவர்கள் யாரும் மதிக்கத்தான் செய்வார்கள். ஆனால் தடையின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வசதி உள்ளவருக்கு மருத்துவக் காரணம் காட்டிப் பெர்மிட் உண்டு. வார இறுதியில் தமனோ தியூவோ ராஜஸ்தான் எல்லையோ உண்டு. ஒன்றும் இல்லாவிட்டால் ராஜு உண்டு. ஏழைக்கு உறையில் கட்டி விற்கும் சாராயம்தான். 2009 ஜூலையில் அகமதாபாத்தில் விஷச் சாராயம் குடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு, உயிர் பறிக்கும் கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவருக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. இந்தப் படம் வெளியான அடுத்த ஆண்டில் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் கடத்தலுக்கும் சிறைத் தண்டனை 10 ஆண்டு வரை உயர்ந்தது. இருந்தும் 2022 ஜூலையில் போட்டாத் மாவட்டத்துக் கிராமங்களிலும் சுற்றுப்புறத்திலும் மீண்டும் 40 பேருக்கு மேல் பலி. 2023 டிசம்பரில் காந்திநகருக்குப் பக்கத்திலுள்ள கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்குள் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. கண்ணாடிக் கட்டடங்களுக்குள் சட்டப்படி கோப்பை உயர்த்தலாம். வெளியே நிறுத்திய காரில் ஓட்டுநர் காத்திருப்பார்.

பிரதிக் காந்தி என்ற கண்டுபிடிப்பு

2020-ல் ‘ஸ்கேம் 1992’ வெப் சீரிஸில் ஹர்ஷத் மேத்தாவாக வந்து இந்தியா முழுவதையும் திரும்பிப் பார்க்கவைத்த பிரதிக் காந்தியை, நம்மில் பலர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். குஜராத்திகள் அதற்கு வெகு முன்பே பார்த்துவிட்டார்கள். சூரத்காரர். பொறியியல் படித்தவர். நாடக மேடையில் பல ஆண்டுகள் உழைத்தவர். 2014-ல் அபிஷேக் ஜெயினின் ‘பே யார்’ படத்தில் பெயர் வாங்கினார். ‘ராங் சைடு ராஜு’ அவரை ஒற்றை ஆளாக ஒரு படத்தைத் தாங்கக்கூடியவராகக் காட்டியது.

ஹர்ஷத் மேத்தாவாக நடித்தபோது அறைக்குள் நுழைந்ததுமே இடம் முழுவதையும் நிரப்பினார். ராஜுவாக அதற்கு நேர் எதிர். இருக்கும் இடம் தெரியாமல் இருக்கப் பழகிய உடம்பு அது. கார் ஓட்டுநர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பின்சீட்டில் பேசுவதெல்லாம் காதில் விழும். எந்த வீட்டில் சண்டை, எந்த பிசினஸ் முழுகப்போகிறது, பையன் யாரோடு சுற்றுகிறான் எல்லாம் தெரியும். தெரிந்தது எதுவும் முகத்தில் தெரியக் கூடாது. முதலாளி குடும்பம் அவரை வைத்துக்கொண்டே எல்லாம் பேசும், அவர் ஒரு ஆள் என்ற நினைப்பே இல்லாமல். பிரதிக் இந்த நுட்பத்தைப் பிடித்திருக்கிறார். அவர் கண்களில் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லவனா தந்திரக்காரனா என்று தீர்மானிக்க முடியாமல் கடைசிவரை நம்மைத் தவிக்கவிடுகிறார். மர்மப் படத்தில் கதாநாயகனையே நம்ப முடியாமல் பார்ப்பது தனிச் சுகம்.

அவருக்கு ஈடுகொடுத்தவர் ஆசிஃப் பஸ்ரா. பணக்கார வட்டத்தின் முகமாக வரும் அவர் குரலை உயர்த்தவே தேவையில்லாத மனிதர். அன்பாகப் பேசும்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. ‘பிளாக் ஃப்ரைடே’ முதல் எத்தனையோ படங்களில் சிறு பாத்திரங்களில் வந்து மனதில் தங்கிய நடிகர். 2020 நவம்பரில் அவர் மறைந்தது இந்தியத் திரைக்கு நேர்ந்த பெரிய இழப்பு. இன்றைக்கு இந்தப் படத்தைப் பார்க்கும்போது அவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் அந்த வருத்தம் கூடவே வருகிறது.

படத்தில் எனக்கு ஒட்டாத பகுதியும் உண்டு. கிம்பர்லி லூயிசா மெக்பீத் நடித்த வெளிநாட்டுப் பெண்ணின் பாத்திரமும் அதையொட்டி வரும் காதலும். கதைக்கு அவள் தேவைப்படுகிறாள் என்பது போகப்போகப் புரிகிறது. ஆனால் அதுவரை படம் மூச்சு வாங்குகிறது. மர்மத்தின் கயிறு இறுகிக்கொண்டே வரும்போது பாட்டுக்காக அதைத் தளர்த்துவது நம் எல்லா மொழிப் படங்களுக்கும் இருக்கும் பழக்கம். பாட்டு நன்றாக இருந்தால் கோபமும் பாதிதான் வரும். சச்சின் – ஜிகர் இசையில் அரிஜித் சிங் பாடிய மெலடி படத்தைவிடப் பெரிய ஹிட். நாட்டுப்புறப் பாடகர் கீர்த்திதான் காட்வியின் குரலில் ஒரு கர்பா பாட்டும் இருக்கிறது. நவராத்திரி மைதானங்களில் இன்னும் அதற்கு ஆடுகிறார்கள்.

வசனங்களைச் சப்டைட்டில் வழியாகத்தான் பின்தொடர்ந்தேன். ஆனால் குஜராத்திகளின் பேச்சில் இருக்கும் ஒரு குணம் சப்டைட்டில் இல்லாமலே புரிகிறது. எதையும் பேரமாகப் பேசுவது. உயிர் போகிற விஷயத்தைக்கூட, லாப நஷ்டம் பார்க்கிற நிதானத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். வன்முறைக் காட்சிகளைவிட இந்த நிதானம் எனக்கு அதிகம் நடுக்கம் தந்தது.

மேடையில் பிறந்த மர்மம்

குஜராத்தி சினிமாவில் இப்படியொரு படம் வந்ததை அதிசயமாகப் பார்த்தவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. முதல் குஜராத்திப் பேசும்படம் ‘நரசிங்க மேத்தா’, 1932-ல் வந்தது. பக்திக் கவிஞரின் கதை. அதிலிருந்து பல பத்தாண்டுகள் பக்தர்கள், நாட்டுப்புற வீரர்கள், தலைப்பாகையும் கிராமத்துக் காதலுமாகவே அந்தத் திரை பெரும்பாலும் இருந்தது. 1980-ல் கேத்தன் மேத்தாவின் ‘பவ்னி பவாய்’ போன்ற விதிவிலக்குகள் தனித்து நின்றன. நகரத்தில் படித்த தலைமுறை குஜராத்திப் படம் பார்ப்பதையே விட்டுவிட்டது. 2012-ல் அபிஷேக் ஜெயின், அமெரிக்கக் கனவில் அலையும் ஒரு குடும்பத்தை வைத்து ‘கேவி ரீதே ஜைஷ்’ எடுத்த பிறகுதான் நகரமும் இன்றைய பேச்சும் திரைக்குள் வந்தன.

ஆனால் மர்மம் அவர்களுக்குப் புதிதல்ல. திரைக்குப் பக்கத்திலேயே, நாடக மேடையில் அது நெடுங்காலமாக இருந்தது. யஷ் சோப்ரா 1969-ல் பாட்டே இல்லாமல் எடுத்த ‘இத்தேஃபாக்’ என்ற கொலை மர்மப் படம் ‘தும்மஸ்’ என்ற குஜராத்தி நாடகத்திலிருந்து வந்தது. அந்த நாடகமே ஓர் ஆங்கில நாடகத்தின் தழுவல்தான். பார்வையற்ற மூவரை வைத்து வங்கிக் கொள்ளை நடத்தும் ‘ஆங்க்கேன்’ 2002-ல் வந்ததே, அதுவும் குஜராத்தி நாடகம்தான். மும்பையின் குஜராத்தி அரங்குகளில் வார இறுதிதோறும் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்த நாடகங்கள் இவை. ஒரே அறை, நான்கைந்து பேர், இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம். அந்தப் பயிற்சியில் வளர்ந்த ரசிகர்களும் நடிகர்களும் தயாராக இருந்தார்கள். சினிமாதான் தாமதமாக வந்து சேர்ந்தது.

வந்த பிறகு வேகம் பிடித்துவிட்டது. இந்தப் படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான நிரேன் பட் பிற்பாடு இந்தியில் ‘ஸ்த்ரீ 2’ எழுதினார். கிருஷ்ணதேவ் யாக்னிக்கின் ‘வஷ்’, 2023-ல் குஜராத்தியில் வந்து, அடுத்த ஆண்டே அஜய் தேவ்கன், மாதவன், ஜோதிகா நடிப்பில் ‘ஷைத்தான்’ என்று இந்திக்குப் போனது. மாதவனின் வில்லத்தனத்தைப் பார்த்து மிரண்ட தமிழ் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அதன் வேர் குஜராத்தில் இருப்பது தெரியும்? இரண்டிலும் மகளாக நடித்த ஜான்கி போடிவாலாவுக்கு மூலப் படத்துக்காகத் தேசிய விருதும் கிடைத்தது.

யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்?

1999-ல் டெல்லியில் பி.எம்.டபிள்யூ ஏறி 6 பேர் இறந்த வழக்கின் சாயலில் இந்தியில் ‘ஜாலி எல்.எல்.பி.’ வந்தது. அது 2016 ஏப்ரலில் தமிழில் ‘மனிதன்’ ஆனது. ‘ராங் சைடு ராஜு’ வந்ததும் அதே ஆண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ‘மனிதன்’ வழக்கறிஞரின் கதை. நீதிமன்றத்துக்குள் நின்று, நியாயம் கேட்டு, வாதாடி வெல்கிற கதை. நமக்குப் பிடித்தது, கைதட்டினோம். ராஜுவின் கதை நீதிமன்றத்துக்கு வெளியே, கார் ஷெட்டிலிருந்து பார்ப்பது. அங்கே நியாயம் யாரும் தருகிற பொருளாக இல்லை. தனக்குத் தெரிந்ததை எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதுதான் ஓர் ஓட்டுநரிடம் இருக்கும் ஒரே ஆயுதம். எனக்கு இந்த இரண்டாவது கோணம் உண்மைக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது.

2023 ஜூலையில், அதே அகமதாபாத்தில், சர்கேஜ் – காந்திநகர் நெடுஞ்சாலையின் இஸ்கான் மேம்பாலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு விபத்து. அதைப் பார்க்கக் கூடிய கூட்டத்துக்குள், அசுர வேகத்தில் ஜாகுவார் கார் ஒன்று பாய்ந்து 9 பேர் உயிரைப் பறித்தது. உதவிக்கு வந்த போலீஸ்காரரும் அதில் இறந்தார். இந்த வழக்குகளையெல்லாம் நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். பி.எம்.டபிள்யூ வழக்கு, ஜாகுவார் வழக்கு, போர்ஷே வழக்கு. செத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நம் வாயில் வருவதில்லை.

சட்டமும் தன் பங்குக்குக் கடுமை காட்ட முயன்றது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில், விபத்துக்குப் பிறகு தகவல் தராமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு வந்தது. 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்தாண்டு என்றார்கள். அந்தப் பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. சொகுசுக் காரில் குடித்துவிட்டு ஓட்டுகிறவனை மனதில் வைத்து நாம் கேட்ட கடுமை, மாதச் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிறவர் கழுத்தில் போய் விழப் பார்த்தது.

அதே 2024-ன் மே மாதம், புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். பழியை ஏற்றுக்கொள்ளும்படி வீட்டு ஓட்டுநரை மிரட்டி அடைத்துவைத்ததாக அந்தச் சிறுவனின் தந்தையும் தாத்தாவும் கைதானார்கள். ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களும் கைதானார்கள். ரத்தம், ஸ்டியரிங் – விலைபோகும் அதே இரண்டு பொருள்கள். எட்டு ஆண்டுக்கு முன்பு வந்த ஒரு குஜராத்திப் படத்தின் அடிப்படைக் கவலையைச் செய்தித்தாளின் முதல் பக்கம் அப்படியே அச்சடித்தது. ஒரே ஒரு வித்தியாசம். ராஜு தன் கணக்கைத் தானே தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. புனேயில் அந்த ஓட்டுநர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அந்தப் புகாரின் பேரில்தான் தந்தை, தாத்தா மீது வழக்குப் பதிவானது.